பேராதனையை முதலாவதாகப் போடலாமா? ஒரு பழைய மாணவியின் மதிப்பீடு

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியானதும் கலைப்பிரிவுப் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் விண்ணப்பக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருவார்கள். வருவோர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. "ரீச்சர், பல்கலைக்கழகத் தெரிவில் பேராதனையை முதலாவதாகப் போடலாமா? வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் இருக்கிறது. பிள்ளையை ஏன் அவ்வளவு தூரம் மலைக்கு அனுப்ப வேண்டும்?" நான் 2000களின் முற்பகுதியில், கண்டிக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் பேராதனையில் தமிழ் சிறப்புக் கலை படித்தவள். இப்போது மட்டக்களப்புப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறேன். தங்கையின் மகளைப் பதிவுக்காகக் கூட்டிக்கொண்டு அண்மையில் மறுபடி போய், இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டும் வந்தேன். வாயால் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதிலை இம்முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

போடுங்கள், முதலாவதாகவே போடுங்கள். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்க மனமிருந்தால் மட்டும் போடுங்கள். அறை எடுத்துத் தங்கி, விரிவுரை முடிந்ததும் பஸ் ஏறி, வெள்ளி பின்னேரமே ஊருக்கு ஓடிவிடலாம் என்று நினைக்கும் பிள்ளைக்குப் பேராதனை வேண்டாம். அது தங்கிப் படிப்பதற்கென்றே கட்டப்பட்ட இடம். அங்கே கிடைக்கும் நல்லது முழுவதும் அந்தத் தங்குதலிலிருந்து வருகிறது. அங்கே உள்ள பெரிய கெடுதியும் அதே வழியாகத்தான் வருகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த இடம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் சொல்வது விளங்கும். இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே சங்கம் அமைத்துக் குரல் எழுப்பியவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அது லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவர்களைத் தயார்செய்த கல்லூரி, பட்டம் கொடுக்கும் உரிமை அதற்கு இல்லை. அந்தக் கல்லூரியையும் 1870இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியையும் சேர்த்து 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், அரசியலமைப்புச் சட்டத்தில் பேர்போன ஆங்கிலேயர்.

எங்கே கட்டுவது என்பதில் அதற்கு முன்பே பல ஆண்டுகள் சண்டை நடந்து முடிந்திருந்தது. கொழும்பிலேயே இருக்கட்டும் என்றது ஒரு பக்கம். தலைநகரின் இரைச்சலிலிருந்து விலகி, மாணவர் கூடி வாழ்ந்து படிக்கும் இடமாகக் கண்டிப் பக்கம் இருக்க வேண்டும் என்றது மற்றப் பக்கம். கண்டிக்காக வாதாடியவர்களில் பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜயவர்தனவும் சத்திரசிகிச்சை நிபுணர் எஸ். சி. போல் என்பவரும் முக்கியமானவர்கள். கடைசியில் ஹந்தானை மலையடிவாரமும் மகாவலிக் கரையும் சேர்ந்த பேராதனைத் தோட்டக் காணி தெரிவானது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் திட்டம் வரைய, ஷேர்லி டி அல்விஸ் கட்டடங்களுக்கு உருக்கொடுத்தார். சட்டத்துறையும் விவசாயத்துறையும் 1949இலேயே மலைக்கு வந்தன. கலைப்பீடம் 1952 ஒக்டோபரில் வந்தது. எலிசபெத் மகாராணி வந்திருக்க, 1954 ஏப்ரல் 20ஆம் திகதி எடின்பரோ கோமகன் திறந்துவைத்தார். மாணவர்கள் ஏற்கெனவே ஓராண்டுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்த இடத்தை "வழமையைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக" அவர் அறிவித்த கதையைப் பழைய மாணவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வார்கள்.

செனட் கட்டடத்தைப் போய்ப் பாருங்கள். செதுக்குத் தூண்கள், கண்டிப் பாணிக் கூரை, வாசலில் சந்திரவட்டக்கல் என்னும் அரைவட்டச் செதுக்குக் கல். பிள்ளைகள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நானும் எடுத்தவள்தான். ஆனால் பேராதனையின் அழகு எந்த ஒற்றைக் கட்டடத்திலும் இல்லை. விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கும், அங்கிருந்து நூலகத்துக்கும், நூலகத்திலிருந்து ஆற்றங்கரைக்கும் நடக்கிற பாதைகளில்தான் இருக்கிறது. சரிவைச் சரிவாகவே விட்டு, மரத்தை மரமாகவே விட்டுக் கட்டியிருக்கிறார்கள். பூக்காலத்தில் பாதையெல்லாம் இளஞ்சிவப்பாகிவிடும். பொதுவீதியான கலகா வீதியே வளாகத்தின் நடுவாகப் போகிறது. சரசவி உயன என்று வளாகத்துக்கே ஒரு ரயில் நிறுத்தமும் உண்டு.

விடுதிக்கு வருகிறேன். எனக்குக் கிடைத்தது இராமநாதன் விடுதி. முன்பு சொன்ன பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரில் அருணாசலம் விடுதி ஆண்களுக்கு, அவருடைய அண்ணன் பெயரில் இராமநாதன் விடுதி பெண்களுக்கு. ஆரம்ப காலத்தில் மாணவருக்குத் தாராளமான அறை, பரிமாறுவதற்குப் பணியாளர், விரிவுரையாளர்களோடு ஒரே மண்டபத்தில் இராச்சாப்பாடு என்றெல்லாம் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அது ஆங்கிலத்தில் படித்த சிறு கூட்டத்தின் காலம். 1960இல் கலைப்பீடத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகள் வரத் தொடங்கியதும் பேராதனையின் முகமே மாறியது. கிராமத்துப் பாடசாலைகளின் பிள்ளைகள் அலையலையாக வந்தார்கள், அறைகள் நெருக்கமாயின. அந்த நெருக்கத்தை நான் குறையாக எழுதமாட்டேன். அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் என்னைப் போன்றவள் அந்த மலையை ரயில் ஜன்னலால் பார்த்துவிட்டுப் போயிருப்பாள். கட்டணம் இல்லாத கல்வி, மகாபொல புலமைப்பரிசில், விடுதியில் ஒரு கட்டில்: இந்த மூன்றும்தான் என்னைப் பட்டதாரி ஆக்கின.

என் அறையில் மொனராகலைப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒருத்தியும் அக்குறணை முஸ்லிம் பிள்ளை ஒருத்தியும் இருந்தார்கள். எனக்குச் சிங்களம் வராது, மொனராகலைக்காரிக்குத் தமிழ் வராது, இருவருக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறும். அக்குறணைப் பிள்ளைதான் முதல் தவணை முழுவதும் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். உடுப்புக் காயாத ஊர் அது. ஹந்தானை மூட்டம் இறங்கினால் தோய்த்த சட்டை நாட்கணக்கில் ஈரமாகவே தொங்கும். உலர்த்தும் கயிற்றில் யாருக்கு எவ்வளவு இடம் என்ற பேச்சில்தான் நான் சிங்களம் கற்கத் தொடங்கினேன். பிறகு அவள் வீட்டிலிருந்து வந்த தொதலைப் பங்குபோடும்போது கொஞ்சம், தமிழ்ப் புத்தாண்டும் சிங்களப் புத்தாண்டும் ஒரே நாள்தான் என்பதைப் பற்றி இரவிரவாகக் கதைக்கும்போது கொஞ்சம். போர் நடந்த நாட்டில், ஒருவரையொருவர் செய்தியில் மட்டும் அறிந்த பிள்ளைகள் நாங்கள். எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத இந்தப் படிப்பை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

இனித் தமிழ்த்துறை. தமிழ் படிக்கப் போகும் பிள்ளைகள் இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். 1943இல் பொறுப்பேற்றார். பழந்தமிழ் இசை பற்றி அவர் எழுதிய யாழ் நூல் வெளிவந்த 1947ஆம் ஆண்டிலேயே காலமானார். அவருக்குப் பின் க. கணபதிப்பிள்ளை, வி. செல்வநாயகம், சு. வித்தியானந்தன் என்று நீளும் வரிசை அது. இலக்கிய விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் அங்கே படித்து வந்தவர்கள். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது முதல் தலைவராகப் போனவர் கைலாசபதி. பிறகு அதன் துணைவேந்தர் ஆனவர் வித்தியானந்தன். யாழ்ப்பாணமா பேராதனையா என்று சண்டை பிடிப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின் வேர் மற்றதில் இருக்கிறது.

எங்கள் ஊருக்கும் பேராதனைக்கும் உள்ள உறவை நான் அறிந்தது அங்கே போன பிறகுதான். என் அம்மப்பா மட்டக்களப்பு நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்து ஆடியவர். விடிய விடிய ஆடி, மறுநாள் வயலுக்குப் போக முடியாமல் கிடப்பார் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். கூத்து என்பது படித்தவர்கள் பார்க்கும் விடயம் அல்ல என்றுதான் எங்கள் வீட்டிலேயே எண்ணம். அப்படி வளர்ந்தவள் இரண்டாம் ஆண்டில் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்து, கூத்தின் தாளக்கட்டையும், பாத்திரங்கள் களரிக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டையும் பாடமாகக் கேட்கிறேன். எதிர்லிவீர சரச்சந்திர 1956இல் சிங்கள நாடகத்தைத் திருப்பிப்போட்ட 'மனமே' நாடகத்தை மேடையேற்றியபோது, அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்ட 'நாடகம' என்ற சிங்களக் கிராமிய நாடக வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது. அதே பல்கலைக்கழகத்தில் இருந்த வித்தியானந்தன், எங்கள் கூத்தை நாங்களே ஏன் எடுத்துக் காட்டக்கூடாது என்று மட்டக்களப்புக்கு வந்தார். கூத்துப் பழக்கும் ஆசானான வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் பேராதனை மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். விடிய விடிய நடக்கும் கூத்து, ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருங்கி, சுற்றிவர ஊர் இருந்து பார்க்கும் வட்டக்களரியிலிருந்து மேடைக்கு ஏறியது. 1962இல் கர்ணன் போர், பிறகு நொண்டி நாடகம், இராவணேசன். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு மட்டக்களப்பார். பின்னாளில் பேராசிரியராகி, கூத்துக்கென்றே உழைத்தவர்.

கூத்தைச் சுருக்கியது சரியா என்று இன்றும் வாதம் உண்டு. ஊர்க்காரர்கள் இல்லாத மேடையில் கூத்து அரைக்கூத்துதான் என்று என் அம்மப்பா போன்றவர்கள் சொல்வார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கூத்தாடி மகள் என்று ஊரில் கேலி கேட்ட என் அம்மா, பல்கலைக்கழகத்தில் அது பாடம் என்று நான் சொன்னபோது முகம் மாறியதைக் கண்டவள் நான். என் கட்சி வித்தியானந்தனின் கட்சிதான்.

சரச்சந்திரவின் பெயர் தாங்கிய திறந்தவெளி அரங்கை எல்லோரும் 'வல' என்பார்கள். சிங்களத்தில் குழி. சரிவில் படிபடியாக அமைந்த இருக்கைகளும் கீழே மேடையும் சுற்றி மரங்களும். அங்கே இரவில் நாடகம் பார்ப்பதற்காகவே ஒரு பிள்ளை பேராதனைக்குப் போகலாம் என்பேன். மழை பெய்தால் குடையை விரித்துக்கொண்டு பார்ப்பார்கள், எழுந்து போகமாட்டார்கள். நாடகம் பிடிக்காவிட்டால் அதையும் உரக்கவே தெரியப்படுத்துவார்கள்.

நூலகம் தனியாக ஒரு பந்தி பெறவேண்டியது. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான பிறகு, பழைய தமிழ் அச்சு எங்கேனும் மிச்சமிருக்கிறதா என்று தேடுபவர்களுக்கு இந்த அடுக்குகள் எவ்வளவு பெரியவை என்று சொல்லத் தேவையில்லை. ஆய்வுக் கட்டுரைக்காக நான் தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் மலர்களைப் புரட்டியது அங்கேதான். மங்கிய தாள், இலேசான பூஞ்சண வாடை, 60களின் விளம்பரங்கள். அந்தக் காலத்து மாணவர்கள் இலக்கியச் சண்டையை எவ்வளவு சூடாக எழுதியிருக்கிறார்கள்! இன்றைய பிள்ளைகள் கைபேசியில் கிடைக்கும் குறிப்போடு நின்றுவிடுகிறார்கள். பேராதனைக்குப் போய் நூலக அட்டை எடுத்து, பரீட்சைக் காலத்தில் மட்டும் உள்ளே போவது அந்த இடத்தைப் பாதி விலைக்கு விற்பது.

இனிக் கெடுதி. புதிதாக வரும் பிள்ளைகளை மூத்த மாணவர்கள் துன்புறுத்தும் பகிடிவதை. இதை மறைத்துவிட்டுப் பேராதனையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது. 1975இல் நான் பின்னாளில் தங்கிய அதே இராமநாதன் விடுதியில், பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, வாழ்நாள் முழுவதும் அதைச் சுமந்தார். 1997இல் பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்து உயிரிழந்தார். அதன் பின்னர்தான் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்து பகிடிவதை குற்றமானது. சட்டம் வந்தும் நோய் முற்றாகப் போய்விடவில்லை. பகிடிவதை ஏழை பணக்காரன் வித்தியாசத்தைப் போக்குகிறது, எல்லோரையும் ஒன்றாக்குகிறது என்று மூத்த மாணவர்கள் சொல்லும் நியாயத்தை நான் ஒருநாளும் ஏற்கவில்லை. எங்களை ஒன்றாக்கியது உடுப்புக் கயிறும் தொதலும். மிரட்டல் யாரையும் ஒன்றாக்கவில்லை. இரவில் வீட்டுக்குப் போக வழியில்லாத இடத்தில், முதல் மாதங்களில் புதுப் பிள்ளையின் கையில் அதிகாரம் எதுவும் இருப்பதில்லை. தங்கிப் படிக்கும் அமைப்பின் இருட்டுப் பக்கம் அது. பெற்றோருக்கு நான் சொல்வது: முதல் தவணையில் ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் பேசுங்கள். குரல் மாறினால் கேளுங்கள். உடம்பில் கை வைத்தாலோ மனதை உடைத்தாலோ மாணவ ஆலோசகரிடமும், தேவைப்பட்டால் பொலிஸிடமும் போகலாம் என்பதைப் பிள்ளை புறப்படும் முன்பே சொல்லி அனுப்புங்கள். "எல்லாரும் பட்டதுதான், பொறுத்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சாப்பாடு பற்றி அதிகம் இல்லை. பாண், பருப்பு, சோறு, பிளேன்ரீ. காரமாகச் சாப்பிட்டுப் பழகிய மட்டக்களப்பு நாக்குக்கு முதல் மாதம் கஷ்டம். தங்கையின் மகளுக்கு மிளகாய்த்தூளும் கருவாட்டுச் சம்பலும் கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமைகளில் குறிஞ்சிக் குமரன் கோயில். வளாகத்திலேயே மலையேறிப் போகவேண்டும். ஏற்றம் மூச்சு வாங்கவைக்கும், மழைக்காலத்தில் அட்டைக்கடி வேறு. அதற்காகக் காலில் சவர்க்காரத்தைக் காய்ந்தபடியே தேய்த்துக்கொண்டு போவோம். பூசை முடிந்து கிடைக்கும் சுடு பொங்கலுக்காகவே சைவமல்லாத தோழிகளும் எங்களோடு ஏறுவார்கள். மேலே நின்றால் மகாவலி வளைந்து போவதும் எதிர்க்கரையில் பொறியியல் பீடமும் தெரியும்.

அந்தப் பீடத்துக்குப் போக அக்பர் பாலம் உண்டு. கலைப்பிரிவு மாணவிக்கு அது வேறு நாடு. ஆனாலும் ஒன்று தெரியும்: களிமண்ணின் நடத்தை பற்றி 1963இல் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோவோடும் ஸ்கோஃபீல்டோடும் சேர்ந்து அழகரத்தினம் துரைராஜா எழுதிய ஆய்வை உலகின் மண்ணியல் பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். அந்தத் துரைராஜா இந்தப் பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர், பிறகு யாழ்ப்பாணத்தின் துணைவேந்தர். மிருக வைத்தியம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு நாட்டில் வேறு தெரிவே இல்லை, அந்தப் பீடம் பேராதனையில் மட்டும்தான். மொத்தம் 9 பீடங்கள். மற்றவற்றைப் பற்றி அங்கே படித்தவர்கள் எழுதட்டும்.

கடைசியாக, தகப்பன்மார் கேட்கும் கேள்வி: "கலைப் பட்டத்தால் வேலை கிடைக்குமா?" பேராதனைப் பெயர் மட்டும் வேலை வாங்கித் தராது. வேலையில்லாப் பட்டதாரிகள் வீதியில் இறங்கிப் போராடியதை நாடே பார்த்திருக்கிறது. ஆனால் தமிழை ஆழமாகப் படித்து, கூடவே சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் கைக்குள் கொண்டுவந்த பிள்ளைக்கு ஆசிரியத் தொழில், மொழிபெயர்ப்பு, நிர்வாக சேவை, ஊடகம் என்று பல கதவுகள் உண்டு. அந்த மூன்று மொழியும் ஒரே நாளில் காதில் விழும் இடமாகப் பார்த்தால், வந்தாறுமூலையைவிடவும் யாழ்ப்பாணத்தைவிடவும் பேராதனையே முன்னிற்கிறது என்பது என் துணிபு. வீட்டில் நோயாளிகள் இருந்து, வாரந்தோறும் வரவேண்டிய பிள்ளைக்கு வந்தாறுமூலையே சரி. அதில் ஒரு குறைவும் இல்லை.

பதிவுக்குப் போகிறவர்களுக்கு: கல்முனையிலிருந்து மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் பதினெட்டு வளைவில் வயிறு புரளும், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். குடை இரண்டு வையுங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். தடித்த போர்வை, காலுறை, சவர்க்காரம். விடுதி இடம் எந்தெந்த ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதை அன்றைக்கே அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறைத்தோழி எந்த ஊர், எந்த மொழி என்று பார்த்து அறை மாற்றிக் கேட்காதீர்கள்.